மகன் பெயரில் ஒரு வெள்ளைத் தாள்

சிட்னியில் கிரவீன் பக்கம் இருக்கும் மகேந்திரராஜாவைத் தெரிந்தவர்கள், "பாவம், பொய் சொல்லத் தெரியாத மனுசன்" என்றுதான் சொல்லுவார்கள். அது சரிதான். அறுபத்தாறு வயதுக்குள் அவர் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்று. அதையும் மூன்று வருடத்துக்கு ஒரு தடவைதான் சொன்னார். அரசாங்கத்துக்கு, ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், பட்டப்பகலில் நின்று சொன்னார்.

ஆள் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி. தொண்ணூற்றாறில் மனைவி ரஞ்சினியோடு சிட்னிக்கு வந்து இறங்கியவர். வந்த மறுவருடம் தனோஜன் பிறந்தான், ஒரே பிள்ளை. இருபத்து மூன்று வருடம் தபால் பிரிக்கும் இடத்தில் வேலை. கடித உறையைத் தொட்டாலே இது பாங்க், இது கவுன்சில், இது ஆஸ்பத்திரி என்று சொல்லிவிடுவார். பென்சன் எடுத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டுத் தபால்பெட்டியை அவரைத் தவிர வேறு எவரும் திறக்கக்கூடாது. ரஞ்சினி திறந்தால் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்.

பிரஜாவுரிமை கிடைத்து முதன்முதல் வோட்டுப் போடப் போன கதையை அவரே சொல்லிச் சிரிப்பார். ஊரில் வோட்டு என்றால் புள்ளடி, பெருக்கல் குறி மாதிரி ஒன்று. இங்கே இலக்கம் போடவேண்டும் என்று வாசலில் நின்றவன் படித்துப் படித்துச் சொன்னான். இவர் உள்ளே போய் ஒரு கட்சியின் பெட்டிக்குள் அழகாக ஒரு புள்ளடியைப் போட்டு, மடித்து, பெட்டியில் தள்ளிவிட்டு வந்துவிட்டார். வெளியே வந்து ரஞ்சினி சொல்லித்தான் விசயம் விளங்கியது. அன்று முழுக்க மனுசனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்படிப்பட்ட மனிதர்தான், பாருங்கள்.

இங்கே தேர்தல் என்றால் இரண்டு தாள். பச்சைத் தாள் தொகுதி எம்.பி.க்கு, கிரவீனுக்கு ஒன்று, அடுத்த தொகுதிக்கு வேறொன்று. வெள்ளைத் தாள் செனற் என்கிற மேல்சபைக்கு. விரித்தால் மேசைவிரிப்பு மாதிரி இருக்கும். அதில் தொகுதி என்ற பேச்சே கிடையாது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. கடற்கரையில் மாடிவீடு வைத்திருப்பவனும், புரோக்கன் ஹில்லில் செம்மண்ணுக்குள் கிடப்பவனும் விரிப்பது அதே தாள், அதே பெயர்கள். வழக்கமான தேர்தலில் மாநிலத்துக்கு ஆறு இடம். தாளின் குறுக்கே ஒரு தடித்த கோடு. கோட்டுக்கு மேலே கட்சிகள்: ஒன்றிலிருந்து ஆறு வரை இலக்கம் போட்டால் போதும். கோட்டுக்குக் கீழே ஆட்கள்: குறைந்தது பன்னிரண்டு பேருக்குப் போடவேண்டும். விசரன் என்றால் எல்லாருக்கும் போடலாம்.

அந்த விசரன்தான் தனோஜன். இரண்டாயிரத்துப் பதினாறில் அவனுக்கு முதல் வோட்டு. அந்த முறை செனற்றை முழுக்கக் கலைத்துவிட்டு வைத்த தேர்தல். கோட்டுக்குக் கீழே நூற்றைம்பது பெயருக்கு மேல். தகப்பனும் தாயும் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார்கள். மகன் நாற்பது நிமிடமாகியும் வரவில்லை. மகேந்திரராஜா பாணுக்குள் வைத்த சொசேஜை வாங்கிச் சாப்பிட்டு முடித்து, கையையும் துடைத்தாகிவிட்டது.

"என்னடா, பரீட்சையே எழுதினனி?"

"அப்பா, யூ டோன்ற் கெற் இற்" என்றான் அவன், உங்களுக்கு இது விளங்காது என்கிற மாதிரி. பிறகு காரில் வரும்போது கணக்கைச் சொன்னான். ஒரு இடம் பிடிக்க இத்தனை வாக்கு என்று ஓர் அளவு இருக்கிறது. அந்த அளவைத் தாண்டியவரின் மிச்சமும், கடைசியாக நின்று வெளியேறியவரின் வாக்கும், தாளில் அடுத்த இலக்கம் யாருக்கோ அவருக்குப் போகும். அவரும் விழுந்தால் அதற்கடுத்தவர். இலக்கம் முடிந்துபோன தாளைத் தனியே ஒதுக்கிவிடுவார்கள். அது தீர்ந்துபோன வாக்கு. எல்லாப் பெட்டியையும் நிரப்பிய தாள் மட்டும் தீராது. கிழமைக் கணக்காக எண்ணிக்கைக்குள் ஆள் மாறி ஆள் மாறி ஓடிக்கொண்டே இருக்கும்.

"எனக்கு என்ர வோட்டு இடையில சாகக்கூடாதப்பா" என்றான். இந்த ஒரு வசனத்தை மட்டும் தமிழில் சொன்னான்.

அடுத்த வருடம் அவன் வீட்டை விட்டுப் போனான். எஞ்சினியரிங் படிப்பை நான்கு மாதத்துக்கு முன்பே விட்டுவிட்டான் என்பது ஒரு விருந்தாளியின் வாயால் தெரியவந்தது. வந்த சனத்துக்கு முன்னால் மகேந்திரராஜா கத்தினார். "எனக்குப் பிள்ளையே பிறக்கேல்லை எண்டு நினைச்சுக்கொள்ளுறன்" என்றார். கோபத்தில் ஆயிரம் வார்த்தை வரும். ஆனால் அதைச் சொன்னவர் வாய் அன்றே அழுகியிருக்கலாம். மறுநாள் சனிக்கிழமை. முதுகுப் பையோடு பென்டில் ஹில் ஸ்ரேசன் பக்கம் நடந்து போனவன்தான். ஒக்டோபரில் தாய்க்கு ஒரு செய்தி வந்தது: 'நல்லா இருக்கிறன், தேடாதேங்கோ.' அதன் பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை.

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். ரஞ்சினி பித்தாகத்தான் திரிந்தாள். ஒரு வருடம் பொறுத்தாள். பிறகு பொலிசுக்குப் போவோம் என்று தொடங்கினாள்.

"வயது வந்த பிள்ளை. தேடாதேங்கோ எண்டு எழுதிப்போட்டுப் போனவன். பொலிஸ் வந்து வாசலில நிண்டா சனம் என்ன கதைக்கும்?" என்றார் இவர். சனம், சனம்! பிள்ளை போன இடம் தெரியவில்லை, இவருக்குச் சனத்தின் வாய்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் அடுத்த தேர்தல் வந்தது. பக்கத்து வீட்டு யோகா, முந்தின முறை தன் மகன் வோட்டுப் போட மறந்து அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்த கதையைச் சொன்னாள். இந்த நாட்டில் வோட்டுப் போடாவிட்டால், ஏன் போடவில்லை என்று கேட்டு விலாசத்துக்குக் கடிதம் வரும். தனோஜனின் விலாசம் இன்னும் இந்த வீடுதான். அதை எவரும் மாற்றவில்லை.

அன்று பின்னேரம் ரஞ்சினி குசினிக் கதிரையில் வந்து இருந்தாள். முகத்தில் ஒரு தெளிவு.

"இஞ்சேருங்கோ, எனக்கு இது பூக்கட்டிப் பாக்கிற மாதிரி. பிள்ளை எங்க இருந்தாலும் வோட்டுப் போடுவான். அவன்ர குணம் அது. லெட்டர் வராட்டி அவன் சுகமா இருக்கிறான். வந்தா..."

"வந்தா?"

"அடுத்த நாளே பொலிசுக்குப் போறம். ஓமோ, இல்லையோ?"

"ஓம்" என்றார்.

சாமிக்கு முன் வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம் கட்டி வைத்து, எது கைக்கு வருகிறது என்று பார்ப்போமே, அதுதான் அவள் கணக்கு. பூவுக்குப் பதில் அரசாங்கத் தபால்.

தேர்தலன்று காலை இருவரும் கிரவீன் பள்ளிக்கூடத்தில் வோட்டுப் போட்டார்கள். பின்னேரம் மீன் வாங்கப் போன மகேந்திரராஜா, வழியில் வேறொரு பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்தினார். நிறுத்தவேண்டும் என்று வீட்டிலிருந்து நினைத்துக்கொண்டு போனவர் இல்லை. வரிசையில் போய் நின்றபோதுகூட, சும்மா பார்த்துவிட்டுத் திரும்புவோம் என்றுதான் நினைத்தார்.

மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு வயதான வெள்ளைக்காரி. குடும்பப் பெயரைக் கேட்டாள். தகப்பன் பெயரைப் பிள்ளை பின்னால் காவித்திரிகிற நம்முடைய வழக்கம் அன்று அவருக்குக் கைகொடுத்தது. "மகேந்திரராஜா" என்றபோது அவர் சொன்னது தன் சொந்தப் பெயரைத்தான். வாய் தடக்கவில்லை. "முதற்பெயர்?" என்றபோதுதான் வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"தனோஜன்."

விலாசம் சொன்னார். அது வீட்டு விலாசம்தான், அதிலே பொய்யில்லை. அவளுக்கு இந்தப் பெயர் இருபது வயதுக்காரனுடையதா அறுபது வயதுக்காரனுடையதா என்று எப்படித் தெரியும்? "இந்தத் தேர்தலில் இதற்கு முன் வாக்களித்தீர்களா?" என்று கேட்டாள். "இல்லை" என்றார். அடிமட்டத்தை வைத்து அவன் பெயருக்கு மேல் ஒரு கோடு இழுத்தாள். இறந்தவர்களின் பெயரைத்தான் இப்படிக் கோடிழுத்து வெட்டுவார்கள் என்று அவருக்குப் பட்டது.

பச்சைத் தாளை அவர் தொடவில்லை. வெறுமையாக மடித்துப் போட்டார். அது இந்தத் தொகுதிக்குரியது, அவன் இந்தத் தொகுதியில் இல்லை. வெள்ளைத் தாள் மாநிலம் முழுவதற்கும் ஒன்று. அவன் எந்த மூலையில் இருந்தாலும் இதே தாள்தான் அவன் கையில் இருக்கும் என்று தனக்குத் தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார். கோட்டுக்குக் கீழே, ஒன்றிலிருந்து தொடங்கி, நூற்றுச் சொச்சம் பெட்டியையும் நிரப்பினார்.

அங்கேதான் அந்த விசயம் நடந்தது. முதல் பத்து இலக்கமும் யாருக்குப் போடுகிறோம் என்று யோசித்துப் போட்டார். பிறகு பென்சில் தன்பாட்டில் ஓடியது. அவர் ஒருநாளும் விரும்பாத கட்சிக்காரனுக்குப் பதினொன்று. கேள்விப்பட்டே இராத ஒரு பெண்ணுக்குப் பன்னிரண்டு. பதினேழைப் போட்டுவிட்டுக் கையை எடுத்துப் பார்த்தார். ஏழின் நடுவில் குறுக்கே ஒரு சின்னக் கோடு. மகேந்திரராஜா தன் ஆயுளில் ஏழுக்கு நடுவில் கோடு போட்டது கிடையாது. தனோஜன்தான் போடுவான்.

இருபத்தேழிலும் கோடு இருந்தது. முப்பத்தேழிலும் இருந்தது. அழிக்க ரப்பர் இல்லை. அட்டைத் தடுப்புக்குள் நின்றபடி, இடது தோளுக்குப் பின்னால் எவரோ எட்டிப் பார்க்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பினார். ஒருவரும் இல்லை. திரும்ப எழுதத் தொடங்கியபோது, தன்னையறியாமல் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கி, பின்னால் நிற்பவருக்குத் தாள் தெரிய இடம் விட்டார். அதை உணர்ந்ததும் திரும்ப நேராக வந்து நின்று, மிச்சத்தை அவசரமாக எழுதி முடித்தார்.

அந்தத் தடவை மீன் வாங்க மறந்துபோனார்.

ஜூலை போனது, ஓகஸ்ட் போனது, கடிதம் வரவில்லை. ரஞ்சினி ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு வந்து, "என்ர பிள்ளை சுகமா இருக்கிறான்" என்றாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டார். அந்தச் சிரிப்பைக் கண்ட பிறகு உண்மையைச் சொல்ல யாருக்கு வாய் வரும்? பொலிஸ் பேச்சும் அதோடு நின்றது. ஒரு தடவை அவளாகவே எடுத்தபோது இவர்தான் மறித்தார்.

"வோட்டுப் போட்டுத் திரியிறவனைப் பொலிஸ் என்னெண்டு தேடும்? அவன் வர நினைக்கிற அண்டைக்கு வருவான்."

சொல்லும்போது தன் குரல் இவ்வளவு இயல்பாக வந்ததே என்று அவருக்கே பயமாக இருந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். ரஞ்சினி அவன் அறைக் கட்டிலுக்கு மாதம் ஒரு தரம் விரிப்பு மாற்றினாள். "அவன் இஞ்சாலைப் பக்கம்தான் எங்கையோ இருக்கிறான்" என்பாள். பென்டில் ஹில் கடைக்குப் போனால் ஸ்ரேசன் மேடையில் நிற்கிற பெடியன்களின் பிடரியைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். இவரோ செனற் எண்ணிக்கை முடியும்வரை கிழமைக்கணக்காகக் கம்பியூட்டருக்கு முன்னால் இருப்பார். ஐந்து இடம் கெதியில் தெரிந்துவிடும். ஆறாவது இடத்துக்குத்தான் உதிரி வாக்குகள் ஆள் மாறி ஆள் மாறி அலையும். அந்த லட்சக்கணக்கான தாள்களுக்குள் ஏழுக்குக் கோடு போட்ட ஒரு தாளும் இன்னும் தீராமல் அலைகிறது என்று நினைத்துக்கொள்வார். சில நாட்களில் அது தான் எழுதிய தாள் என்பது மறந்துபோகும். அவன் எழுதியது என்றே நினைப்பார். நினைத்துவிட்டுத் திடுக்கிடுவார்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டிலும் அதே பொய்யைச் சொன்னார். இரண்டாம் தடவை பயம் குறையவேண்டும், கூடியது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். இந்த முறை ஏழுக்குக் கோடு போடக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு போனார். போடாமல் கவனமாக எழுதினார். தாளை மடிக்கும்போது பார்த்தால் எல்லா ஏழிலும் கோடு இருந்தது.

கடிதம் வரவில்லை. ரஞ்சினி சாமிக்குப் பொங்கல் வைத்தாள்.

இரண்டாயிரத்து இருபத்தைந்து மார்ச்சில் மகேந்திரராஜாவுக்கு நெஞ்சுக் குழாய் அடைப்புக்கு ஸ்ரென்ற் வைத்தார்கள். படி ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, மனதுக்கு அதிர்ச்சி கூடாது என்று டொக்டர் சொன்னார். ரஞ்சினி அந்த மூன்றாவதை மட்டும் திரும்பத் திரும்ப எல்லாருக்கும் சொன்னாள். மே மூன்றாம் திகதி தேர்தல். "மருந்துக்கடைக்குப் போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போய், மூன்றாம் முறையும் மகனாக வோட்டுப் போட்டார். மேசையில் இருந்தவன் கோடிழுக்கும்போது, "அழகான பெயர்" என்றான். தன் பெயரை ஒருவன் புகழ்ந்தது போல இவர் நன்றி சொன்னார்.

ஜூலைக் கடைசியில், காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, தபால்பெட்டிக்குள் அந்த உறை கிடந்தது. தொட்டவுடனேயே எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. விலாசத்துக்கு மேல் தனோஜன் மகேந்திரராஜா.

வோட்டுப் போட்டாகிவிட்டதே, எப்படி வரும்? வாசலிலேயே நின்று கிழித்தார்.

வோட்டுப் போடவில்லை என்று அதில் இல்லை. இரண்டு தடவை போட்டதாக இருந்தது. எங்கள் பதிவேடுகளின்படி உங்கள் பெயர் இரண்டு இடங்களில் வாக்களித்ததாகக் குறிக்கப்பட்டிருக்கிறது, குறித்த திகதிக்குள் விளக்கம் தரவும். எந்த இரண்டு இடம் என்று போடவில்லை.

மகேந்திரராஜா மதிலைப் பிடித்துக்கொண்டார். ஒரு கோடு அவர் வாங்கியது. அப்படியென்றால் மற்றக் கோடு?

ஐயோ, பிள்ளை இருக்கிறான்! இந்த வருடம், இந்த மே மாதம், எங்கேயோ ஒரு மேசைக்கு முன்னால் நின்று, தன் வாயால் தன் பெயரைச் சொல்லியிருக்கிறான். பதினேழாம் ஆண்டிலிருந்து காணாத பிள்ளை, தகப்பன் அவனாக நின்ற அதே நாட்களில் அவனாகவே நின்றிருக்கிறான். சந்தோசமா, பயமா என்று பிரித்துச் சொல்ல அவரால் முடியவில்லை.

மூன்று நாள் அந்தக் கடிதத்தைச் சேர்ட் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். இந்தியக் கடைகள் நிறைந்த ஹரிஸ் பார்க்கில் இறங்கி ஒவ்வொரு கடையாக எட்டிப் பார்த்தார். ஒரு கடைக்குள் முதுகைக் காட்டி நின்ற இளந்தாரியின் தோளைத் தொட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்டு வந்தார். தேர்தல் அலுவலகத்துக்குப் போன் எடுத்து, மற்ற இடம் எது என்று கேட்டார். அந்தப் பெண் மரியாதையாகச் சொன்னாள்: அவருடைய விவரத்தை அவரிடம்தான் சொல்லலாம், அவரையே பேசச் சொல்லுங்கள்.

அவரையே பேசச் சொல்வதற்குத்தானே எட்டு வருடமாகக் காத்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவரால் அடக்க முடியவில்லை. ரஞ்சினிக்கு முன்னால் கடிதத்தை வைத்தார். தான் செய்ததைச் சொல்லவில்லை. "வாசியும்" என்றார் மட்டும்.

அவள் கண்ணாடியைப் போட்டு வாசித்தாள். ஒரு தரம் வாசித்தாள், பிறகு விரலை வைத்து இன்னொரு தரம். 'இரண்டு' என்ற சொல்லில் விரல் நின்றது. அவள் முகத்தில் இரத்தம் ஏறுவதை அவர் கண்டார்.

"பிள்ளை இருக்கிறான்" என்றாள். "இஞ்சேருங்கோ, உண்மையா இருக்கிறான்! சத்தியமா இருக்கிறான்!"

கட்டிப்பிடித்து அழுதாள். இரண்டு பேரும் அழுதார்கள். 'உண்மையா' என்று ஏன் சொன்னாள் என்று அவருக்கு ஒரு கணம் உறுத்தியது. லெட்டர் வராத ஒவ்வொரு முறையும் அவள் அதை நம்பினவள்தானே? ஆனால் சந்தோசத்துக்கு நடுவில் யார் கேள்வி கேட்பார்கள்?

அந்த வெள்ளியும் சனியும் அந்த வீட்டில் நடந்ததைப் பார்த்திருந்தால், கலியாண வீடு என்று நினைத்திருப்பீர்கள். ரஞ்சினி அவனுக்குப் பிடித்த கணவாய்க் கறி வைத்தாள். அறையின் ஜன்னலைத் திறந்து வைத்தாள். மெல்பேர்னில் இருக்கிற தங்கைக்குப் போன் எடுத்து, "பிள்ளை இருக்கிறானடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மேசையில் மூன்று சோற்றுக் கோப்பை வைத்தாள். மூன்றாவது கோப்பையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு இருவரும் சாப்பிட்டார்கள். இரண்டு பேருக்கும் அது வித்தியாசமாகவே படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மகேந்திரராஜா ஒரு முடிவோடு எழும்பினார். பதில் போடாவிட்டால் கள்ளவோட்டுப் போட்டவன் என்ற பழி மகன் தலையில் விழும். நான்தான் ஒன்றைப் போட்டேன் என்று ஒப்புக்கொண்டால், மற்றது அவனுடையது என்று தெளிவாகும். அது எந்த ஊர் என்று தெரியவரும். ஜெயில், மறியல் என்று போனாலும் பரவாயில்லை. போகும் வழியிலாவது பிள்ளையை ஒரு தரம் பார்க்கலாம்.

ரஞ்சினி தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ரஞ்சி, ஒண்டு சொல்லவேணும். நீர் கத்தக்கூடாது."

"என்னப்பா?"

"அந்த ரெண்டு வோட்டில ஒண்டு அவன் போட்டதில்லை. அவன்ர பேரில நான் போட்டனான்."

அவள் திரும்பவில்லை. கேத்தல் கொதித்து, தானாக நின்றது.

"லெட்டர் வந்தா நீர் உடைஞ்சுபோவீர் எண்டுதான். ஆனா பாரும், நல்லதுக்குத்தான் நடந்திருக்கு. ஒண்டு நான் எண்டா மற்றது அவன்தானே. நாளைக்கே போய்..."

"இல்லை" என்றாள்.

"என்ன இல்லை?"

"மற்றது நான்."

அவருக்கு விளங்கவில்லை. அவள் குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னாள். டொக்டர் அதிர்ச்சி கூடாது என்றாராம். இந்த முறை லெட்டர் வந்து, இவர் தபால்பெட்டியடியில் நின்று அதைப் பிரித்தால் அந்த இடத்திலேயே விழுந்துவிடுவார் என்று பயந்தாளாம். தேர்தலுக்கு முதல் கிழமை, முன்கூட்டியே வோட்டுப் போடுகிற இடத்துக்குத் தனியாகப் போய், தனோஜன் என்றாளாம். ஆணின் பெயரா பெண்ணின் பெயரா என்று அவர்களுக்கு என்ன தெரியும். வெள்ளைத் தாளில் கோட்டுக்கு மேலே, யார் எவர் என்று பாராமல், ஒன்று தொடங்கி ஆறு வரை போட்டுவிட்டு ஓடிவந்தாளாம்.

"லெட்டரைக் கண்டோடன, ஒண்டு நான், மற்றது அவன்தான் எண்டு..."

ஜன்னல் திறந்திருந்த அறைக்குள் காற்று எதையோ தட்டி விழுத்தியது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். எவரும் எழும்பிப் போகவில்லை.

மாநிலத்தின் லட்சக்கணக்கான தாள்களோடு அந்த இரண்டு தாளும் கலந்துபோயின. பெயரில்லாத தாள்கள். இனி அவற்றைக் கடவுளாலும் பிரித்து எடுக்க முடியாது. ஒன்று ஆறோடு தீர்ந்திருக்கும். மற்றது கடைசிவரை ஓடியிருக்கும். இரண்டிலும் தனோஜன் இல்லை.

ரஞ்சினி அவர் பக்கம் திரும்பிக் கேட்டாள். "அப்ப முந்தி? ரெண்டு தரமும் லெட்டர் வரேல்லையே?"

அவர் தலையைக் குனிந்தார்.

"சொல்லுங்கோ."

"அதுவும் நான்தான்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு நல்லாக இருந்திருக்கும். விரல்விட்டு எண்ணினாள்: பத்தொன்பது, இருபத்திரண்டு, இருபத்தைந்து.

"பொலிசுக்குப் போவம் எண்டு அண்டைக்குக் கேட்டனான். ஓம் எண்டனீங்கள்" என்றாள். "ஆறு வருசம். ஆறு வருசமா என்ர பிள்ளையைத் தேடவிடாம வச்சிருந்திருக்கிறியள்."

அவர் நெஞ்சைத் தடவினார். அவள் அதைப் பார்த்தும் கிட்ட வரவில்லை. உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்து, கார்த் திறப்பை அவர் முன்னால் வைத்தாள்.

பொலிஸ் நிலையத்தில் இளவயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். பொறுமையானவள். இருவருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பெயர், பிறந்த திகதி, உயரம், தழும்பு ஏதும் உண்டா என்று கேட்டுக் கேட்டுப் பதிந்தாள். இடது முழங்காலில் ஒன்று என்றாள் ரஞ்சினி. பிறகு அந்தப் பெண், மகன் உயிரோடு இருக்கிறார் என்பதற்குக் கடைசியாகக் கிடைத்த தகவல் எப்போது என்று கேட்டாள்.

நேற்றுக் கேட்டிருந்தால் இருவருமே இந்த மே மாதம் என்று சொல்லியிருப்பார்கள்.

"இரண்டாயிரத்துப் பதினேழு, ஒக்டோபர்" என்றார் மகேந்திரராஜா.

தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. அந்தப் பெண் தலையை நிமிர்த்தி, இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எட்டு வருடம். இவ்வளவு காலமும் நீங்கள் என்ன செய்தீர்கள்?"

மகேந்திரராஜா தண்ணீரை எடுத்துக் குடித்தார். ரஞ்சினிதான், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"அவனுக்காக வோட்டுப் போட்டோம்."